டச்டிசைனரில் பைதான்: தெமோதரை வளையத்தில் ஒரு பரீட்சை

டச்டிசைனர், கனடாவின் டொரொன்டோவில் உள்ள டெரிவேட்டிவ் நிறுவனத்தின் வரைகலை மென்பொருள். இதில் பெட்டிகளை வைத்து வயரால் இணைப்பதே நிரலாக்கம். ஒரு பெட்டி வட்டம் வரையும்; அடுத்தது நிறம் தரும்; மூன்றாவது திரைக்கு அனுப்பும். நடுவில் எந்த எண்ணை மாற்றினாலும் படம் உடனே மாறும். தொடக்கத்தில் டிஸ்கிரிப்ட் என்ற தனிமொழி இருந்தது. 088 பதிப்பில் அந்த இடத்துக்குப் பைதான் வந்தது. இதே வகைப் பெட்டி-வயர் மென்பொருளான மாக்ஸும் 2004இல் ஜாவாஸ்கிரிப்டைச் சேர்த்துக்கொண்டது.

வயர் தடுமாறுவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான். இலங்கையின் பதுளை ரயில் பாதையிலுள்ள தெமோதரை வளையத்தை எடுத்துக்கொள்ளலாம். நிலையத்தை விட்டுக் கிளம்பும் தண்டவாளம் குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் சுரங்கம் வழியாக வெளியேறுகிறது. வட்டப் பெட்டி தருவது தட்டையான வட்டம். அதைப் படிப்படியாக இறக்க மேலும் பல பெட்டிகள் வேண்டும். பைதான் எழுதும் ஸ்கிரிப்ட் பெட்டியிலோ ஒரு 'ஃபோர்' சுற்று போதும்: 150 படிகள், படிக்கு 2.4 பாகை திருப்பம், கூடவே கொஞ்சம் இறக்கம். கடைசிப் புள்ளி முதற்புள்ளிக்கு நேர்கீழே வந்து நிற்கும். கோடு மூடப்படாதது என்று குறிப்பிட மறந்தால், இரண்டும் செங்குத்தாக இணைந்து ரயில் கிணற்றில் இறங்குவதுபோல் ஆகிவிடும்.

அதிகம் கைகொடுப்பது ஒற்றை வரிப் பைதான். தேயிலைத் தோட்டத்தின் தினசரிக் கொழுந்து எடை அட்டவணையில் இருந்தால், அதைக் காட்டும் தூணின் உயரத்துக்கான இடத்தில் அட்டவணையின் கட்டத்தைச் சுட்டும் வரியை எழுதலாம். எடையைத் திருத்தியதும் தூண் தானாக உயரும் அல்லது தாழும்.

பைதானின் குறைகள் இரண்டு. முதலாவது வேகம். விநாடிக்கு 60 படம் ஓட, ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவிநாடி. 1280×720 திரையில் 9,21,600 புள்ளிகள்; ஒவ்வொன்றையும் பைதான் சுற்றில் கணக்கிட்டால் படம் திக்கித் திணறும். அந்த வேலைக்கு வரைகலை அட்டையில் ஓடும் ஜிஎல்எஸ்எல் பெட்டியே சரி. இரண்டாவது, ஸ்கிரிப்ட்டுக்குள் பெயர் சொல்லி அழைக்கும் பெட்டிக்கு வயர் இருக்காது. பெட்டியின் பெயரை மாற்றினால் ஸ்கிரிப்ட் பிழை காட்டும். காரணத்தை வரி வரியாகத் தேட வேண்டும்.

வணிகப் பயன்பாடு அல்லாத பதிப்பு இலவசம். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். படத்தின் அளவு 1280×1280ஐத் தாண்டாது. பழகுவதற்கு அது தாராளம். தரவின் ஓட்டத்தை வயரிலும், சுற்றுகளையும் அட்டவணை வாசிப்பையும் பைதானிலும், புள்ளிக் கணக்கை ஜிஎல்எஸ்எல்லிலும் வைத்தால் மூன்றும் ஒன்றையொன்று இடிக்காது.