கப்புக்குள் ஊறும் டீ

டீத்தூளை அடியில் வைத்து, அதன்மேல் துளையிட்ட தாளை வட்டமாக ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி விற்கும் பேப்பர் கப்பைச் சிலர் பார்த்திருப்பீர்கள். கொதிநீரை ஊற்றினால் தூள் அடியிலேயே ஊறும், சக்கை வாய்க்கு வராது. குடித்து முடித்ததும் கப், வடிகட்டி, சக்கை மூன்றும் ஒன்றாகக் குப்பைக்குப் போய்விடும். பால்பவுடரும் சர்க்கரையும் சேர்த்து அடைத்த வகையும் இருக்கிறது. பாய்லர், வடிகட்டிப் பை, பால் சட்டி, கிளாஸ், கழுவும் தொட்டி என்று ஒரு டீக்கடை முழுக்கச் செய்கிற வேலையை ஒரு கப்புக்குள் அடக்கிவிடலாம் என்பது இதன் பின்னாலுள்ள எண்ணம்.

இதை ஓர் அலுவலக மேசையில் வைத்துப் பார்த்தால் குறையே தெரியாது. எங்கள் புதுச்சேரியின் வில்லியனூர்க் கடைத்தெருவிலும் பாகூர் வயல் வரப்பிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இந்தப் பக்கத்தில் டீ என்பது பானம் மட்டுமில்லை. நடவுக்கு ஆள் கூப்பிட்டால் கூலியோடு சேர்த்துப் பேசப்படுவது. துக்க வீட்டில் பந்தல் போடும் முன்பே வந்து சேர்வது. அந்த டீயை எதில் ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்பதற்குள் இந்த ஊர்களின் கதை கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

முதலில் கப்பின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்த இரவுகளில் இந்தக் கப் எனக்குக் கைகொடுத்தது. இரவு இரண்டு மணிக்குக் கடை இருக்காது, கிளாஸ் கழுவ இடமும் இருக்காது. பிளாஸ்கில் வெந்நீர் இருந்தால் போதும். துளசி, எலுமிச்சைப்புல், ஆவாரம்பூ போல வெந்நீரில் ஊறினாலே சாரம் இறங்குகிற சரக்குகளுக்கும் இந்த அமைப்பு நன்றாகவே பொருந்துகிறது. சுக்குமல்லிக் காப்பி அப்படி வராது. சுக்கு அடுப்பில் கொதித்தால்தான் காரம் இறங்கும்.

நம் டீயிடம் வந்ததும் இந்தக் கப் தோற்றுவிடுகிறது. கடைகளில் புழங்குவது பெரும்பாலும் சி.டி.சி. முறையில் நசுக்கிச் சுருட்டிய தூள். 1930-களில் அசாமில் உருவான அந்த இயந்திரமுறையில் இலை சின்னச் சின்ன மணிகளாகிவிடும். சட்டென்று சாயம் இறங்குவது அதனால்தான். டீ மாஸ்டர் அந்தத் தூளைத் துணிப்பையில் போட்டுக் கொதிநீர் ஊற்றி டிகாக்ஷன் இறக்குகிறார். சாயம் போதும் என்று கண்டதும் பையைத் தூக்கிவிடுகிறார். டீயின் பக்குவம் முழுக்க அந்தத் தூக்குகிற நேரத்தில் இருக்கிறது. பிறகு காய்ச்சிய பாலும் சர்க்கரையும் சேர்த்து, கை உயரத்துக்கு இழுத்து ஆற்றி, நுரையோடு கொடுக்கிறார். கப்போடு வரும் டீயில் பையைத் தூக்க வழியில்லை. கடைசி மிடறு வரை தூள் ஊறிக்கொண்டே இருக்கும். முதல் வாயில் வெளிறியும், பாதியில் சரியாகவும், முடிவில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பாகவும் இருக்கும். பால்பவுடர் அந்தத் துவர்ப்பை மூடப் பார்க்கிறது, முடிவதில்லை. ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு, சர்க்கரை கம்மியா ஒண்ணு’ என்று ஆளுக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் வசதியும் போய்விடுகிறது. இந்த ஊரில் ஒருவரைக் கடைக்காரருக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்பதை, அவர் கேட்காமலே அவருக்கு வரும் டீயை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

ருசிக் குறையை விடப் பெரிய குறை கப்பின் உள்சுவரில் இருக்கிறது. அது இந்த வகைக்கு மட்டும் உரியதில்லை, எல்லாப் பேப்பர் கப்புக்கும் பொதுவானது. குடித்த கப் ஒன்றை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் விரலால் தேய்த்துப் பாருங்கள். காகிதம் கூழாகி உரிந்து வரும். கடைசியில் கண்ணாடிபோல் மெல்லிய ஒரு தோல், கப்பின் வடிவத்திலேயே கையில் நிற்கும். அதுதான் பாலித்தீன் படலம். நாம் காகிதத்தில் குடிப்பதாக நினைத்தாலும் உதடும் டீயும் தொடுவது அந்தத் தோலைத்தான்.

கரக்பூர் ஐ.ஐ.டி.யில் சுதா கோயல் தலைமையில் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வு இந்தத் தோலைத்தான் சோதித்தது. 85 முதல் 90 டிகிரி வரை சூடான 100 மில்லி நீரைப் பேப்பர் கப்பில் 15 நிமிடம் வைத்தபோது, சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலந்திருந்தன. இந்த எண் செய்தித்தாள்களில் நிறையச் சுற்றியது. அதில் உள்ள 15 நிமிடத்தை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. டீக்கடையில் நின்று குடிப்பவர் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். கப்புக்குள்ளேயே ஊறவைத்துக் குடிக்கும்போது ஊறும் நேரமும் குடிக்கும் நேரமும் சேருகின்றன. பாலில் சூடு தணியாத கொதிநீர் நேராகப் படலத்தில் விழுகிறது. ஆய்வில் வைத்த அந்தச் சூட்டையும் நேரத்தையும் இந்த வடிவமைப்பு தன் வேலை முறையாகவே வைத்திருக்கிறது. போதாததற்கு வடிகட்டித் தாளும் அதை ஒட்டிய பசையும் வேறு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2019-இல் பிளாஸ்டிக் இழையால் ஆன டீப்பைகளைச் சோதித்தபோது, ஒரு பையிலிருந்து ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட நுண்துகள்கள் வெளிவந்தன. ஊறவைக்கிற சாதனம் எதனால் ஆனது என்று கேட்காமல் ஊறவைப்பதில் எத்தனை ஆபத்து இருக்கிறது என்பதற்கு அது போதும்.

வயலுக்கு வருகிறேன். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து பாகூர் ஏரி நிறைகிறது, ஏரி நிறைந்தால் நடவு களைகட்டும். முன்பு தூக்குவாளி டீயோடு நாலைந்து எவர்சில்வர் டம்ளர் வயலுக்கு வரும். இப்போது பிளாஸ்க்கும் ஒரு கட்டுப் பேப்பர் கப்பும் வருகின்றன. குடித்த கப்புகள் வரப்பில் கிடக்கும். அடுத்த போகத்துக்குச் சேறடிக்கும்போது டிராக்டர் அவற்றை மிதித்துப் புதைத்துவிடும். காகிதம் மட்கிப் போகும், தோல் போகாது. ஒரு நாள் நாற்றுப் பிடுங்கிய இடத்தில் வேரோடு சுற்றிக்கொண்டு வந்த அந்தத் தோலைக் கையில் எடுத்தேன். எங்கோ பார்த்த பொருள்போல் இருந்தது. ஊறவைத்துப் பார்த்த கப் நினைவுக்கு வந்த பிறகுதான் அது என்னவென்று புரிந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்குத் தடை. புதுச்சேரியிலும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டுத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்கள் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சேர்த்து அமைந்த காகிதக் கப் உற்பத்தியாளர் சங்கத்தார். 2023 அக்டோபரில் நீதிமன்றம் கப் மீதான தடை செல்லும் என்றது. ஆனால் எங்கள் பக்கம் எல்லை என்பது சாலையில் நாலு தடவை குறுக்கிடுகிற ஒன்று. கடலூர் மாவட்டமும் விழுப்புரம் மாவட்டமும் புதுச்சேரியின் கொம்யூன்களுக்கு இடையில் நுழைந்து நுழைந்து வெளியேறுகின்றன. கப் கட்டு எந்த எல்லையிலும் நின்று யோசிப்பதில்லை.

தடை இருந்தும் ஏன் பேப்பர் கப் போகவில்லை என்பதைக் கேட்காமல் இந்தக் கப்பை எடைபோட்டால் அது முழுமையாகாது. நான் பார்த்தவரை இரண்டு காரணங்கள் இருக்கின்றன. இரண்டும் கண்ணாடி கிளாஸ் புழங்கிய விதத்தில் இருந்த குறைகள்.

ஒன்று, அலசும் பக்கெட். காலை ஐந்து மணிக்குத் தெளிந்த தண்ணீராக இருந்தது ஒன்பது மணிக்கு டீயின் நிறத்துக்கே வந்துவிடும். அதில் இரண்டு முக்கு முக்கி எடுத்த கிளாஸில் அடுத்த டீ. வில்லியனூருக்கு வெளியே ஒரு கடையில் என் கிளாஸின் விளிம்பில் வெற்றிலைச் சாற்றின் கறை இருந்ததைக் கண்டு, அன்று முதல் சில மாதங்கள் நானும் பேப்பர் கப்தான் கேட்டேன். 2020-இல் கொரோனா வந்ததும் அந்தக் கூச்சம் ஊருக்கே பொதுவாகிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளாஸ் கழுவியவர்கள் பல கடைகளில் சிறுவர்கள். 2006 அக்டோபர் 10 முதல் டீக்கடைகளில் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது குற்றமானது. அந்தப் பையன்கள் அங்கிருந்து விடுபட்டது நல்லது, மிக நல்லது. அவர்கள் விட்ட இடத்துக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கக் கணவன் மனைவியாக நடத்தும் சின்னக் கடையால் முடியவில்லை. பேப்பர் கப் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது காரணம் சாதி. பேப்பர் கப் பிறந்த கதையே வேறு. 1907 வாக்கில் அமெரிக்காவில் லாரன்ஸ் லூயெல்லன் என்பவர் அதை உருவாக்கியபோது, ரயில் நிலையத்திலும் பள்ளியிலும் எல்லோரும் ஒரே பொதுக் குவளையில் குடித்து நோய் பரவுகிறது என்ற அச்சம் இருந்தது. 1909-இல் கான்சாஸ் மாகாணம் பொதுக் குவளையையே தடைசெய்தது. அங்கே பொதுக் குவளையை ஒழிக்க வந்த பொருள் இது. இங்கே பல ஊர்களில் பொதுக் குவளை என்பதே இருந்ததில்லை. தெருவுக்கு ஒரு கிளாஸ் இருந்தது. அந்த இரட்டைக் குவளையை 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியிருந்தும் அது தொடர்ந்தது. அதனால் குடித்ததும் எறிகிற கப் வந்தபோது பலருக்கு அது மரியாதையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. எனக்கு முன் யார் குடித்தார், எனக்குப் பின் யார் குடிப்பார் என்ற கேள்வியையே அது எடுத்துவிட்டது. பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் அதே கப் தலைகீழானது. தம் ஆட்களுக்குக் கண்ணாடி கிளாஸ், சேரிக்காரர்களுக்குப் பேப்பர் கப் என்று கொடுக்கத் தொடங்கினார்கள். கேட்டால் சுத்தம் என்றார்கள். தீண்டாமை ஒழிப்புக் களப்பணியாளர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பொருள் தானாகச் சமத்துவத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நம்பிய என்னைப் போன்றவர்களுக்கு இது வலிக்கிற செய்தி.

மாற்று என்று சொன்னதும் இங்கே எல்லோரும் மண் குவளையைச் சொல்வார்கள். சொல்வதற்கு உரிமையும் உண்டு. வில்லியனூர்ச் சுடுமண் கலை புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் கலையில் உழைத்த வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ரயில்வேயில் லாலு பிரசாத் 2004-இல் மண் குவளையைக் கொண்டுவந்தார், 2020-இல் மறுபடியும் அறிவித்தார்கள். இரண்டு முறையும் அது பரவலாக நிற்கவில்லை. விலை, எடை, உடைசல் மூன்றும் தடுக்கின்றன. மண் குவளை மண்ணோடு மண்ணாகும் என்கிற பேச்சையும் நான் ஏற்க மாட்டேன். சுட்ட மண் திரும்பக் களிமண் ஆகாது. சான்று பக்கத்திலேயே இருக்கிறது. அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-இல் தோண்டியபோது, ஏறத்தாழ 2,000 ஆண்டுக்கு முந்தைய ரோமானியக் கிண்ணங்களின் ஓடுகள் மெருகு குறையாமல் கிடைத்தன. ஓடு நஞ்சில்லாத குப்பைதான், ஆனாலும் குப்பை. ஒரு மிடறு டீக்காக வண்டலையும் விறகையும் செலவழித்து எறிவதை விட, வில்லியனூர் வேளார் கையில் பலமுறை புழங்கும் குவளையாக அது வருவதைத்தான் விரும்புவேன். சோளமாவிலிருந்து வரும் ‘மக்கும்’ பூச்சு 60 டிகிரி சூட்டிலேயே இளகும், மட்குவதற்கும் அதே அளவு சூட்டில் இயங்கும் உரக்கூடம் வேண்டும். வரப்பில் அது நடக்காது.

எறிகிற கோப்பை நமக்குப் புதிதும் இல்லை. பதநீர் குடிக்கப் பனையோலையை மடித்துப் பிடிக்கும் பட்டை அப்படிப்பட்டதுதான். குடித்துவிட்டுப் போட்டால் ஆடு தின்றுவிடும். ஆனால் சூடான டீ அதில் நிற்காது.

மிஞ்சுவது பழைய கண்ணாடி கிளாஸ். கனடாவின் மார்ட்டின் ஹாக்கிங் 1994-இல் போட்ட கணக்கில், ஒரு கண்ணாடிக் குவளை 15 தடவை பயன்பட்டால் அதற்குச் செலவான ஆற்றல் பேப்பர் கப்புக்குச் சமமாகிவிடுகிறது. நம் கடை கிளாஸ் அந்தப் பதினைந்தை ஒரு நாளிலேயே தாண்டும். ஆக, கணக்கில் கிளாஸ் எப்போதோ ஜெயித்துவிட்டது. தோற்பது பக்கெட்டில்தான். அதற்கு மருந்தும் கடையிலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது. பாய்லர் பகல் முழுக்கக் கொதிநீர் தருகிறது. குழாய்த் தண்ணீரில் கழுவிய கிளாஸைப் பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு குண்டானில் வெந்நீருக்குள் மூழ்கவிட்டு, கிடுக்கியால் எடுத்து ஊற்றிக் கொடுக்கலாம். எல்லாத் தெருக்காரருக்கும் அதே குண்டானிலிருந்து எடுக்கிற கிளாஸ். எரிபொருள் கொஞ்சம் கூடும், கைவேலையும் கூடும். கொம்யூன் பஞ்சாயத்து உரிமம் புதுப்பிக்கும்போது பேப்பர் கப்பைப் பறிமுதல் செய்வதோடு நிற்காமல், அந்தக் குண்டானையும் கழுவும் குழாயையும் கேட்க வேண்டும். முடிந்தால் அதற்கான செலவில் கை கொடுக்கவும் வேண்டும். ஆஸ்பத்திரி இரவுக்கு மட்டும் அந்த ஊறும் கப் இருந்துவிட்டுப் போகட்டும்.

வயலுக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு நடவு நாளில், பாகூர்ப் பக்கம் வரப்பில் நின்றிருந்தேன். பையன் பிளாஸ்கோடு வந்தான். “அக்கா, கப்பு வேணுமா?” என்றான். “வேணாம்பா, மூடி இருக்குதில்ல” என்று நடவுக்கு வந்திருந்த ஓர் அம்மா தன் சாப்பாட்டுத் தூக்கின் மூடியைக் கவிழ்த்து நீட்டினார். ஊற்றினான். இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்தார். குடிக்கக் கொண்டுவந்திருந்த தண்ணீரில் கொஞ்சம் விட்டு மூடியை அலசி, தூக்கை மூடி வைத்துவிட்டு, நாற்றுக்கட்டை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்.