தோலுக்கும் ஒரு தாளிப்பு

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தைக்குக் காலையில் போனால் காய்களுக்கு முன்னால் தண்டும் இலையும்தான் கண்ணில் படும். பூசணிக்கொடியின் நுனி, முள்ளங்கிக் கீரை, வள்ளைக்கீரை, விரல் கனமுள்ள கொடிப்பசலைத் தண்டு, ஆய்ந்து நறுக்கியே வைத்திருக்கும் வாழைப்பூ என்று கிடக்கும். தெற்கு 24 பர்கனா கிராமங்களிலிருந்து விடியற்காலை ரயிலேறி வரும் பெண்கள் பாலிகஞ்ச் நிலையத்தில் இறங்கி, சாக்கு விரித்து இவற்றைப் பரப்புகிறார்கள். பட்டுப்புடவைக் கடைகளுக்குப் பேர்போன அந்த நாற்சந்தியில் என்னை நிறுத்தி வைப்பது இந்தச் சாக்குகள்தான். கையில் காசு குறைவாக இருக்கும் ஒரு வீடு எவ்வளவு நன்றாகச் சாப்பிட முடியும் என்பது இங்கே தெரியும்.

ஒரு சுரைக்காயை எடுத்துக்கொள்வோம். சதையைப் பொடி இறாலோடு வதக்கினால் ‘லாவ் சிங்ரி’. கொடியும் இலையும் தனிக் கறியாகும். மீதி இருப்பது தோல். அதைக் கொஞ்சம் சதையோடு சேர்த்துச் சீவி, தீக்குச்சி அளவுக்கு நறுக்குகிறார்கள். கடுகெண்ணெய் புகையும்வரை காய்ந்ததும் கருஞ்சீரகமும் பச்சைமிளகாயும் போட்டு, தோலைக் கொட்டி, உப்பிட்டு மூடிவிடுகிறார்கள். தண்ணீர் விடுவதில்லை, தோல் தன் ஈரத்திலேயே வேகிறது. பிறகு மூடியைத் திறந்து, ஓரங்கள் முறுகும்வரை கிளறுகிறார்கள். பச்சை நிறம் போகாமல், நடு மெத்தென்றும் விளிம்பு மொறுமொறுவென்றும் நிற்கும் அந்தக் கணத்தில் இறக்கிவிட வேண்டும். சோற்றோடு முதல் வாயில் கருஞ்சீரகத்தின் மெல்லிய கசப்பு, அதன் பின்னால் சுரைத்தோலின் இனிப்பு.

நாமும் தோலை வீணாக்குகிறவர்கள் அல்லர். பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு ஈடு கிடையாது. ஆனால் நாம் அரைத்துவிடுகிறோம். புளியும் மிளகாயும் உளுந்தும் சேர்ந்தபின் தோல் எங்கே இருந்தது என்று தெரியாது. வங்காளத்திலும் வாழைக்காய்த் தோலை வேகவைத்துப் பூண்டோடு அரைப்பதுண்டு. ஆனாலும் அவர்களுடைய மனம் முழுதாகத் தோய்வது நறுக்குவதில்தான்.

எப்படி நறுக்குகிறார்களோ அதை வைத்தே கறிக்குப் பெயர். மிக நுணுக்கி, எண்ணெய் குறைத்து, ஆவியிலேயே வேகவைத்தால் ‘செஞ்சகி’. பொடியாக அரிந்து குழைத்தால் ‘கொண்டோ’. சதுரமாக வெட்டிக் குழம்பாக வைத்தால் ‘டால்னா’. நீளநீளமாக நறுக்கி, நீர் முழுக்க வற்றி அடியில் லேசாகப் பிடிக்கும்வரை விட்டால் ‘சொச்சொரி’. வீட்டில் ஒரு கத்தரிக்காய், அரை முள்ளங்கி, ஒரு துண்டு பூசணி, நான்கு தண்டு மிஞ்சியிருந்தால் போதும், சொச்சொரி தயார். மிச்சத்தைக் கூட்டிச் செய்த கறி என்று சாப்பிடுகிறவருக்குத் தோன்றவே தோன்றாது. ஒவ்வொரு காயும் ஒரே நீளத்தில், ஒரே நேரத்தில் வேகும்படி அளந்து நறுக்கியிருப்பதுதான் காரணம்.

தாளிப்பிலும் இந்தக் கணக்கு உண்டு. சீரகம், கருஞ்சீரகம், வெந்தயம், சோம்பு, ராந்துனி என்று அரைக்காமல் முழுதாகவே போடும் ஐந்தும் சேர்ந்தது பாஞ்ச் போரன். ராந்துனி பார்வைக்கு ஓமம் போலிருக்கும். அது கிடைக்காத வீடுகளில் கடுகு. கலவைக் காய்க்கு இந்த ஐந்து. மெல்லிய மீன் குழம்புக்குக் கருஞ்சீரகம் மட்டும். பாகற்காயின் கசப்போடு சாப்பாட்டைத் தொடங்கிவைக்கும் ஷுக்தோவுக்கு ராந்துனி. ஒரு சிட்டிகை விதை என்ன விலை ஆகிவிடும்? அந்தச் சிட்டிகையை மாற்றுவதால் அதே கத்தரிக்காய் திங்கள்கிழமை ஒரு கறி, செவ்வாய்க்கிழமை இன்னொரு கறி. ஏழைச் சமையலின் பெரிய எதிரி அலுப்பு. அதை இவ்வளவு மலிவாக வென்ற சமையல் வேறு உண்டா என்று தெரியவில்லை.

மீன் பகுதிக்குள் போனால் உயர்ந்த மேடையில் அமர்ந்து, நட்டுவைத்த அரிவாள்மனையில் இரு கையாலும் கட்லா மீனை அறுக்கிறார்கள். வயிற்றுத் துண்டு வசதியானவர்களுக்கு. முதுகுத் துண்டில் முள் அதிகம், விலை குறைவு. தலையும் குடல்கொழுப்பும் அதற்கும் கீழே. அந்தத் தலையை உடைத்து வறுத்து, கொடிப்பசலைத் தண்டோடும் பூசணியோடும் புரட்டினால் பசலையின் கொழகொழப்பு மீனின் சாற்றையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. விரல் நீளம்கூட இல்லாத மௌரலா மீனைத் தலையோடு முறுக வறுத்து முழுதாகத் தின்கிறார்கள். அதுதான் சரியான முறை: அந்த மீனின் வைட்டமின் ஏ பெரும்பாலும் கண்ணிலும் குடலிலும் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து முள்ளில். தலையைக் கிள்ளி எறிந்தால் எறிவது மருந்தை.

இந்த நுணுக்கத்துக்குப் பின்னால் வலியும் இருக்கிறது. மீன், வெங்காயம், பூண்டு, மசூர் பருப்பு எல்லாம் விலக்கப்பட்ட வங்காளக் கைம்பெண்கள், தங்களுக்கு விட்டுவைத்த காய்கீரையிலிருந்தே வங்கச் சைவச் சமையலின் சிறந்த பக்குவங்களைக் கண்டார்கள். 1943 பஞ்சத்தில் இதே நகரத்துத் தெருக்களில் மக்கள் சோறுகூடக் கேட்கவில்லை. வடித்த கஞ்சியைக் கேட்டு நின்றார்கள். 1947-க்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் கரியாஹாட்டுக்குத் தெற்கே ஜாதவ்பூர் பக்கம் குடியேறினார்கள். கையில் ஒன்றுமில்லாமல் அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். தோலையும் தண்டையும் மதித்துச் சமைத்த கைகள் இவை.

ராஷ்பிஹாரி நிழற்சாலை வழியே மேற்கே நடந்தால், தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் வரும். அங்கே தருண் நிகேதன் என்ற பழைய பைஸ் ஹோட்டல் இருக்கிறது. ‘பைஸ்’ என்பது காசுக் கணக்கில் சாப்பாடு போட்ட காலத்துப் பெயர். பைஸ் ஹோட்டல்களில் சோறு, பருப்பு, கறி, மீன் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக்காசு. வேண்டியதற்கு மட்டும் காசு கொடுத்து ஒருவர் மரியாதையோடு வயிறு நிறையச் சாப்பிட முடியும். இதைவிட நேர்மையான பட்டியல் நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் எளியது ‘பாதே பாத்’. சோறு வேகும் பானையிலேயே உருளைக்கிழங்கு, பூசணித்துண்டு, துணியில் முடிந்த மசூர் பருப்பு, விருப்பமிருந்தால் கழுவிய முட்டை. அடுப்பு ஒன்று, பானை ஒன்று. வெந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனியே உப்பு, பச்சைமிளகாய், காய்ச்சாத கடுகெண்ணெய் ஒரு கரண்டி விட்டுப் பிசைகிறார்கள். அந்த எண்ணெயின் காரம் மூக்கில் ஏறும்போது உருளைக்கிழங்கு வேறு பொருளாகிவிடுகிறது. கடுகெண்ணெய் பழக்கமில்லையென்றால் நல்லெண்ணெயில் செய்துபாருங்கள். எங்கள் வீட்டில் அதுவும் நன்றாகவே வந்தது. அடுத்த முறை சுரைக்காய் வாங்கும்போது தோலைக் கொஞ்சம் தடிமனாகவே சீவி, எடுத்து வையுங்கள்.