இலக்குகள் வட்டைக்குள் இறங்கும்போது

2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை உள்ளூர் வேளாண்மையில் நடைமுறைப்படுத்த ஆராய்ச்சியாளர்களைப் பயிற்றுவிப்பது தேவையான வேலை. விளைச்சல் ஒன்றையே அளந்து பழகிய நெல் ஆராய்ச்சியாளர் நீர், மண், வருமானம், காலநிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க இந்தப் பயிற்சி வழி செய்கிறது. அதன் பலம் அதுதான்.

ஆனால் இலக்குகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தைப் பட்டறைகள் தொடுவதில்லை. இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் சொறிக்கல்முனையைச் சுற்றிய நெல்வட்டைகளை எடுத்துக்கொள்வோம். வயலை இடையிடையே காயவிட்டால் நீர் மிஞ்சும், மீதேன் குறையும். அதேவேளை நீர் நில்லாத வயலில் புல் மண்டும். களைநாசினிச் செலவு ஏறும். அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்ற உறுதியில்லாத விவசாயி வக்கடையை அடைத்து நீரைத் தேக்குவது அறியாமையால் அல்ல, பயிரைக் காக்கும் கணக்கால். அவருக்கு அறிவுரை சொல்லுமுன் நீர்முறையைச் சீர்செய்ய வேண்டும்.

மோதலைக் கணக்கில் எடுக்காததன் விலையை 2021 காட்டியது. நிலைபேறு என்ற பெயரில் அந்த ஆண்டு மே மாதம் நாட்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. வேளாண் விஞ்ஞானிகள் எச்சரித்தும் கேட்கப்படவில்லை. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது.

இதைவிட நல்ல முன்மாதிரி இந்த மாவட்டத்திலேயே உண்டு. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளைப் பயிற்றுவித்துக் கல்லோயா இடதுகரைக் கிராமங்களில் குடியிருக்க வைத்தன. அவர்கள் முதலில் விவசாயிகள் சொல்வதைக் கேட்டார்கள். பிறகுதான் விவசாயிகளை ஒன்றுகூட்டினார்கள். வாய்க்கால்கள் துப்புரவாகின. மேற்பகுதிச் சிங்கள விவசாயிகள் கடைப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்கும் நீர் விட்டார்கள். ஆனால் நிரந்தர நியமனம் இல்லாததால் அந்த இளைஞர்களில் பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். கற்ற அனுபவமும் அவர்களோடு போனது.

கல்லோயா தரும் இரண்டு பாடங்கள் தெளிவு. பயிற்சி பெறுபவர் ஒரு போகம் முழுவதும், விதைப்பிலிருந்து அறுவடை வரை, நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டைவிதானையோடும் விவசாயப் போதனாசிரியரோடும் வயலில் நிற்கவேண்டும். அவருக்கு நிலையான பதவி வேண்டும். சம்மாந்துறை நெல் ஆராய்ச்சி நிலையமும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அருகிலிருக்க, இதற்குப் புதிய நிறுவனம் தேவையில்லை. ஆய்வின் முடிவு முதலில் போகவேண்டியது போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு. அங்கே விவசாயிகள் கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்லக்கூடிய ஆராய்ச்சியாளரே இலக்கைப் படித்தவர்.