சமமான பணப்பை, சமமற்ற வாசல்

யார் வெல்வார் என்று முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்துக்கு ரசிகர் கூட்டம் நிலைக்காது. ஜெர்மனியின் பண்டஸ்லிகா உதைபந்தாட்டத்தில் பயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றது. பணமுள்ள கழகம் நல்ல வீரர்களை வாங்குகிறது, வெல்கிறது, வென்றதால் மேலும் பணம் சேர்க்கிறது. இந்தச் சுழலை உடைக்கவே செலவு உச்சவரம்பும் ஏலமும் வந்தன. இலங்கையின் கிரிக்கெட் தொடரான லங்கா பிரீமியர் லீக்கில் அவை என்ன சாதித்தன?

2020இல் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து அணிகளோடு இந்த லீக் தொடங்கியது. 2023இல்தான் முதன்முறையாக வீரர் ஏலம் நடந்தது. ஒவ்வோர் அணிக்கும் 5 இலட்சம் அமெரிக்க டொலர்தான் வரம்பு. யாழ்ப்பாண அணியான ஜப்னா கிங்ஸ் டில்ஷான் மதுஷங்கவை 92,000 டொலருக்கு எடுத்தது. கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தொகை ஒரே வீரருக்குப் போனது. மிச்சத்தில்தான் மற்ற எல்லோரையும் எடுக்க வேண்டும். வரம்பின் பலம் இதுதான்: ஆசைப்பட்ட அத்தனை பேரையும் யாராலும் வாங்க முடியாது. அந்த ஆண்டு ஜப்னா இறுதிப் போட்டிக்கு வரவில்லை, கண்டி சம்பியனானது.

நுவரெலியா, ஹட்டன் ரசிகர்களுக்குக் கண்டிதான் பக்கத்து அணி. 2020, 2021 இரண்டிலும் கடைசி இடம், 2022இல் புள்ளிப் பட்டியலில் முதலிடம், 2023இல் கிண்ணம். ஆனால் அந்த ஏற்றம் ஏலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டதால் முழுப் பெருமையையும் ஏலத்துக்குக் கொடுத்துவிட முடியாது.

முதல் ஐந்து தொடர்களில் நான்கை யாழ்ப்பாண அணியே வென்றது. இதைக் குறையென்று சொல்லமாட்டேன். முதல் மூன்று பட்டங்களையும் திசர பெரேராவின் தலைமையிலேயே வென்ற அணி அது. பணத்தைச் சமமாக்கலாம், தேர்வின் கூர்மையையும் கட்டுக்கோப்பையும் சமமாக்க முடியாது, சமமாக்கவும் கூடாது. 2024இல் இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் கண்டியை ஜப்னா வென்றது ஒரே ஓட்டத்தால். கிண்ணக் கணக்கை மட்டும் பார்த்தால் அந்த நெருக்கம் தெரியாது.

உண்மையான குறைகள் வேறு. ஐந்தில் நான்கு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போவதால் லீக் ஆட்டங்களின் விறுவிறுப்பு குறைகிறது. கண்டி அணி டஸ்கர்ஸ், வோரியர்ஸ், ஃபல்கன்ஸ், பி-லவ், மீண்டும் ஃபல்கன்ஸ் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் தம்புள்ளை உரிமையாளர் 2024இல் கைதாகி அணி கைமாறியது. முடிவு நேர்மையானது என்ற நம்பிக்கை போனால் சமபலத்துக்கு அர்த்தமே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்தச் சமத்துவம் ஏல மேசையில்தான் தொடங்குகிறது என்பது. மலையகத் தோட்டத்து மென்பந்துச் சுற்றுப்போட்டியில் ஒரு டிவிஷன் அணி வெளியாளை இறக்கினால் உடனே ஆட்சேபம் எழும். சமபலம் என்றால் என்னவென்று நம் இளைஞர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்கு இல்லாதது கடினப்பந்துக்கான ஆடுகளம், கால்காப்பு, கையுறை, பயிற்சியாளர். ரதல்லையிலும் தரவளையிலும் வெள்ளைத் துரைமார் தமக்கென மைதானம் அமைத்தார்கள். லயத்துப் பிள்ளைக்குக் கடினப்பந்து இன்றும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. மலையக வேர்கள் கொண்ட முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தது நம் எல்லோருக்கும் பெருமை. அவருக்கு வழி திறந்தது கண்டி புனித அந்தோனியார் கல்லூரி.

வழி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிப் பழகிய நடராஜன், சென்னைக் கழக கிரிக்கெட், தமிழ்நாடு பிரீமியர் லீக் என்று படிப்படியாக ஏறி, 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்குப் போனார். திறமையோடு படிகளும் இருந்ததால்தான் அது நடந்தது.

உச்சவரம்பும் ஏலமும் நல்ல விதிகள், அவை தொடரட்டும். அவற்றோடு, லீக் வருமானத்தில் ஒரு பங்கைத் தோட்டப் பாடசாலைகளின் கடினப்பந்துப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வோர் அணியும் தன் மாகாணத்து இளைஞர் ஒருவரையாவது சேர்க்க வேண்டும் என்று விதி வர வேண்டும். ஐந்து உரிமையாளர்களுக்கு இடையே இருக்கும் சமநிலை அப்போதுதான் மலையகத்துப் பிள்ளைக்கும் உரியதாகும்.