மத்தளம் யார் கையில்?

இராவணேசனைப் பற்றி மட்டக்களப்பில் பேச்செடுத்தால் இரண்டு கட்சி. கூத்தைக் காப்பாற்றிய நாடகம் என்பார்கள் படித்தவர்கள். கூத்தை வெட்டிக் குறுக்கிய நாடகம் என்பார்கள் வெல்லாவெளி, பழுகாமம், மண்டூர்ப் பக்கம் விடியவிடியக் களரியைச் சுற்றி உட்கார்ந்து பழகியவர்கள். இரண்டு கட்சியும் அரை நூற்றாண்டாகச் சொன்னதையே சொல்கின்றன. நான் வேறொரு இடத்தில் அளவுகோலை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒரு மூத்த கலைஞரும் அவருக்குப் பிள்ளை முறையான இளையவர்களும் சேர்ந்து செய்த படைப்பு அது. அந்தக் கூட்டில் தாளம் யாருடையதாக இருந்தது?

1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர ‘மனமே’யை மேடையேற்றினார். சிங்கள நாடகம என்ற பழைய வடிவத்தைச் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயிடம் கேட்டறிந்து, பேராதனை மாணவர்களைக் கொண்டு ஆட்டுவித்த நாடகம் அது. அதே வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழுக்கும் அதைச் செய்யத் துணிந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்து ‘நொண்டி நாடகம்’, அறுபதுகளின் நடுவில் ‘இராவணேசன்’. ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். இராவணேசனின் பிரதியை எழுதியதும் இராவணனாக ஆடியதும் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு.

இந்த நாடகத்தின் கணக்கில் வரவாக எழுதவேண்டியவை பெரியவை. கிராமத்துக் களரியில் அரசன் வரவு என்றால் அதற்கென்று ஒரு தாளக்கட்டு உண்டு. எந்த அரசன் வந்தாலும் ஏறக்குறைய அதே ஆட்டந்தான். இராவணேசனில் அந்த ஆட்டம் ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் இறங்கியது. செருக்கோடு வருகிறவனின் காலும், தம்பியையும் மகனையும் பறிகொடுத்து நிற்கிறவனின் காலும் ஒன்றாக இருக்க முடியாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். வடமோடி என்ற கூத்துவகையின் வீறு துயரத்தையும் தாங்கும் என்பதை அந்த நாடகம் காட்டியது. ஆண்களே பெண்வேடம் கட்டிய கூத்துக்குள் மாணவிகள் வந்ததும் இந்தப் பேராதனை முயற்சிகளில்தான். இவற்றைக் குறைத்துப் பேசுகிறவரோடு எனக்கு உடன்பாடில்லை.

இனிச் செலவு. இரவு முழுக்க ஓடும் கூத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கியது. நேரம் குறைந்தது என்று புலம்புவது எளிது. குறைந்தது எது என்று பார்க்கவேண்டும். களரியில் கூத்தர் ஒரு தருவை, அதாவது கூத்துப் பாட்டை, பாட, பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் படிப்பார்கள். படிக்கும் நேரத்தில்தான் கூத்தர் ஆடுவார். அலுப்பூட்டும் கூறியதுகூறல் என்று நகரத்துக் காது கழித்துவிடும் அந்தத் திருப்பிப் படிப்பு, ஆட்டத்துக்குக் கொடுக்கப்படும் இடம். அதைச் சுருக்கினால் ஆட்டம் சுருங்கும், ஆடுகிறவன் மூச்செடுக்கும் இடமும் போகும். இராவணேசன் அந்த இழப்பை நாடக வேகத்தால் ஈடுகட்டிவிட்டது. அதைப் பார்த்து ஒரு மணித்தியாலத்துக்குள் கூத்துப் பழக்கிய பாடசாலைப் போட்டிகளால் ஈடுகட்ட முடியவில்லை.

இதைவிடக் கனமான செலவு ஒன்று உண்டு. வட்டக்களரியின் நடுவில் நிற்பவர் அண்ணாவியார். மத்தளம் அவர் கையில். கூத்தர் அவரைச் சுற்றி ஆடுவார்கள். கால் பிசகினால் மத்தளத்திலேயே இழுத்து நேராக்குவார். களைத்தவனைத் தட்டி எழுப்புவார். படச்சட்ட மேடைக்குப் போனபோது அவரும் பிற்பாட்டுக்காரரும் ஓரத்துக்குப் போனார்கள். பார்வையாளருக்கு முகம் காட்டவேண்டிய மேடையில் வேறு வழி இருக்கவில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் நடுவில் நின்று நடத்தியவர் ஓரத்தில் அமர்ந்து உதவுகிறவரானார். எதை வெட்டுவது, எங்கே முடிப்பது என்ற முடிவும் நெறியாளரின் கைக்குப் போனது. சட்டம் கொடுத்தலிலிருந்து சலங்கை கட்டல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் வரை ஊரில் மாதக்கணக்காக நீளும் ஆட்சி அவருடையது என்பதை நினைத்தால் இந்த மாற்றத்தின் அளவு புரியும்.

இதே சிக்கலைக் கடல்கடந்து ஒருவர் இரண்டு விதமாகச் சந்தித்தார். சிக்காகோவின் புளூஸ் பாடகர் மடி வோட்டர்ஸ். 1968இல் அவருடைய நிறுவனம், இளைஞர் சந்தைக்காக ரொக் வாத்தியங்களை அவர்மேல் ஏற்றி ‘எலெக்ட்ரிக் மட்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அவருக்கே அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு ‘ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்’: போல் பட்டர்ஃபீல்ட், மைக் புளூம்ஃபீல்ட் போன்ற இளையவர்கள், கூடவே அவருடைய பழைய பியானோக் கலைஞர் ஒட்டிஸ் ஸ்பான். இளையவர்கள் அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவருடைய பாட்டை அவருடைய நடைக்கே வாசித்தார்கள். முதலாவதில் கிழவர் விருந்தாளி, இரண்டாவதில் வீட்டுக்காரர். இரண்டாவதே நிற்கிறது. ஆனால் அதையும் மிகைப்படுத்தக் கூடாது: பழைய பாடல்களைத் திறமாகத் திரும்பச் சொன்னது அது, வடிவத்தைப் புதிதாக எங்கும் கொண்டுபோகவில்லை. இராவணேசன் கொண்டுபோனது.

ஆகவே இராவணேசன் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. செல்லையா அண்ணாவியாரின் தாளக்கட்டு அதற்குள் உயிரோடு இருக்கிறது; சந்தைக்காக யாரும் அவர்மேல் எதையும் ஏற்றவில்லை. வித்தியானந்தன் அண்ணாவிமாரைத் தேடிப்போய் மதித்தவர், மட்டக்களப்புத் தென்மோடிக் கூத்தான ‘அலங்கார ரூபன்’ பிரதியைப் பதிப்பித்தவர். ஆனாலும் நாடக வரலாறுகளில் நெறியாளர் தலைப்பில் வருகிறார், அண்ணாவியார் நன்றியுரையில் வருகிறார். பின்னாளில் சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழு நண்பர்களும் சீலாமுனையில் தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. கூத்து ஊரிலேயே இருக்கட்டும், மாற்றத்தை ஆடுகிறவர்களே பேசித் தீர்மானிக்கட்டும் என்றது. முறையில் அது நேர்மையானது. இராவணேசன் அளவுக்கு ஒரு பாத்திரத்தை அது எனக்கு இன்னும் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

என் தீர்ப்பு இது. நாடகமாக இராவணேசன் ஈழத்து அரங்கின் முதல் வரிசையில் நிற்கும். கூட்டுப் படைப்பாக அது பாதிதான்: அண்ணாவியாரின் கலையை எடுத்துக்கொண்டது, அவருடைய அதிகாரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. போரதீவுப் பற்றில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நேரத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். எதைக் குறைப்பது என்பதை மட்டும் மத்தளம் வைத்திருப்பவரிடம் விடுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரை மேலே போடுங்கள்.