நர்சிங் கல்லூரிப் பட்டியலில் ஒரு பிராண்ட் பெயர்

அக்கா மகள் பி.எஸ்ஸி. நர்சிங் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். சேர்க்கை முடிந்த கையோடு கல்லூரியில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அத்தான் அதை வாட்ஸப்பில் அனுப்பி, "மாப்ளே, இதெல்லாம் நெஜமாவே வேணுமா, பாத்துச் சொல்லு" என்றார். ஃபீஸ் கட்டவே அக்காவின் வளையல் அடகுக்குப் போயிருந்தது. நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் தேவைப் பட்டியல்களைப் படிப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. அந்தக் கண்ணோடு படித்தேன்.

பட்டியலில் மூன்று வரிகள் உறுத்தின. முதலாவது, ஸ்டெதாஸ்கோப். எதற்கு என்று எழுதாமல் நேராக "லிட்மன்" என்று பிராண்ட் பெயர். விலை பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது.

முதலாண்டு மாணவி இதை வைத்து என்ன கேட்கப் போகிறாள்? பிபி பார்க்கும்போது கை மடிப்பில் வரும் கொரட்கோவ் ஒலி, இதயத் துடிப்பின் எண்ணிக்கை, மூச்சு, குடல் அசைவு. நுணுக்கமான இதய முணுமுணுப்பைப் பிரித்தறியும் வேலை இப்போதைக்கு இல்லை. 1816-இல் லானெக் பாரீஸில் முதலில் காகிதத்தைக் குழலாகச் சுருட்டித்தான் இதயத்தைக் கேட்டார். அடிப்படையில் இது அவ்வளவு எளிய கருவி.

இதற்கு ஒரு நல்ல சாட்சி, எங்கள் ஓப்பன் சோர்ஸ் உலகத்திலிருந்தே வருகிறது. காஸாவில் மருத்துவமனையில் ஸ்டெதாஸ்கோப் தட்டுப்பாட்டை நேரில் பார்த்த தாரிக் லூபானி என்ற மருத்துவர், 'க்ளியா' என்ற திட்டத்தில் 3டி பிரிண்டரில் ஒன்றைச் செய்தார். செலவு சில டாலர்கள்தான். 2018-இல் ப்ளாஸ் ஒன் இதழில் வந்த ஆய்வில், ஒலியைக் கடத்துவதில் அது லிட்மன் கார்டியாலஜி III-க்கு நிகராக இருந்தது. லிட்மன் மோசம் என்று சொல்லவில்லை. உழைக்கும், காதுக்கு இதம். பின்னாளில் ஐசியுவுக்கோ இதயப் பிரிவுக்கோ போனால், சம்பளத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, டிஜிட்டல் பிபி மெஷின். இங்கேதான் சிரிப்பு வந்தது. அந்த மெஷினுக்கு ஸ்டெதாஸ்கோப்பே தேவையில்லை. பட்டையில் ஏற்படும் அதிர்விலிருந்து அதுவே கணக்குப் போட்டுவிடும். கேட்டுப் பழகவேண்டிய பிள்ளைக்கு விலை உயர்ந்த காதையும் கொடுத்து, கேட்க வேண்டாத மெஷினையும் வாங்கச் சொல்கிறது பட்டியல்! முள் காட்டும் அனராய்டு போதும். பட்டை அளவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே இருக்கும் ரப்பர் பை கைச்சுற்றில் சுமார் 80 சதவீதமாவது சுற்றி வரவேண்டும். சின்னதாக இருந்தால் பிபி இல்லாதவருக்கும் பிபி காட்டும்.

மூன்றாவது, மெர்குரி தெர்மாமீட்டர். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. பாதரசத் தெர்மாமீட்டர் தயாரிப்பை 2020-க்குள் நிறுத்துவது அதன் இலக்கு. யாரோ பழைய பட்டியலை அப்படியே காப்பி-பேஸ்ட் செய்திருக்கிறார்கள்.

செலவழிக்கவேண்டியது ஷூவில். வார்டில் நாள் முழுக்க நிற்கப்போவது அந்தக் கால்கள்தான். நொடி முள் உள்ள வாட்ச் ஒன்றும் வேண்டும். பட்டியலில் அது இல்லவே இல்லை.

பாரிமுனை கடை ஒன்றில் ஆயிரத்துக்குள் ஒரு ஸ்டெதாஸ்கோப் பார்த்தோம். இரட்டைக் குழாய் மாடலை ஒதுக்கினோம். குழாய்கள் உரசி இரையும். காதுமுனை மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கும்படி மாட்டி, என் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டாள். "நல்லா கேக்குது மாமா" என்றாள். பில் போடும்போது மெதுவாகச் சொன்னாள்: "ஆனா எல்லாரும் அதையே வெச்சிருப்பாங்க. நான் மட்டும் இத மாட்டிட்டுப் போனா…"

அதற்கு ப்ளாஸ் ஒன்னில் பதில் இல்லை. என் விமர்சனத்தின் சாரமே அவள் சொன்னதுதான். பட்டியலில் பிராண்ட் பெயரை எழுதும்போது, வசதி இல்லாத பிள்ளை யார் என்பதை முதல் நாளே கழுத்தில் மாட்டி அனுப்புகிறோம். "ஒற்றைக் குழாய், பெரியவர் அளவு, எந்த நிறுவனமானாலும் சரி" என்று ஒரு வரி எழுத எந்தக் கல்லூரிக்கும் செலவு ஆகாது.

அவள் அதைத்தான் வாங்கினாள். திங்கட்கிழமை முதல் வகுப்பு.