கைக்கு அடங்கிய தறி

ஷீலா ஹிக்ஸ் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது கூரையிலிருந்து கொட்டும் நூல் அருவிகளும் ஆளுயரத்துக்கு அடுக்கிய வண்ணப் பொதிகளும்தான். 2017ஆம் ஆண்டு வெனிஸ் பினாலேயில் சுவரையே மறைத்து ஏறிய அந்தக் குவியல் கண்ணைப் பறிப்பது உண்மைதான். எனக்கென்னவோ அவருடைய சிறிய நெசவுகள்தான் பெரிய சாதனை. ‘மினிம்’ என்று அவர் அழைக்கும் இவற்றில் பெரும்பாலானவை 23 செ.மீ.க்கு 14 செ.மீ., ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தக அளவு. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, பெரிய வேலைகளுக்கு நடுவிலும் இவற்றை நெய்துவந்திருக்கிறார்.

1934இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்தவர், யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனது ஓவியம் படிக்க. அங்கே வண்ணத்தின் நுட்பங்களைக் கற்பித்தவர் ஜோசப் ஆல்பர்ஸ். பழைய பெரு நாட்டுத் துணிகள் கண்ணில் பட்டது ஜார்ஜ் குப்ளரின் கலை வரலாற்று வகுப்பில். அந்த ஆர்வம் பிடித்துக்கொள்ள, ஓவியத் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்திலேயே பாவு கட்டி நெய்து பார்த்தார். 1957இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சிலிக்குப் போனபோது, வழியெல்லாம் ஆண்டிஸ் மலைநாட்டு நெசவைக் கூர்ந்து பார்த்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த செல்வம் நான்கு பக்கக் கரை. நம் தறியிலிருந்து வெட்டியெடுக்கும் துணிக்கு இரண்டு பக்கம்தான் கரை உண்டு. மற்ற இரண்டு முனைகளும் பிரியும், மடித்துத் தைக்க வேண்டும் அல்லது குஞ்சம் முடிய வேண்டும். ஆண்டிஸ் நெசவாளர்கள் பாவு நூலை வெட்டுவதில்லை. முனையில் வளைத்துத் திருப்பி, கடைசி இழைவரை ஊடையை நுழைத்து நெய்து முடிப்பார்கள். முடிவு நெருங்க நெருங்கப் பாவு திறக்க இடமே இராது. நாடா போகாது, ஊசியால் ஒவ்வோர் இழையாகத் தூக்கிக் கோக்க வேண்டும். கத்திரி படாத முழுத்துணி அப்படித்தான் பிறக்கிறது. ஹிக்ஸின் மினிம்களில் இந்தப் பிடிவாதமும் உண்டு, அதைத் தளர்த்தும் துணிச்சலும் உண்டு. நெருக்கமாக நெய்துகொண்டே வந்து, சட்டென்று நிறுத்தி, வெறும் பாவு இழைகளைத் திறந்தே விட்டுவிடுவார். ஓவியர் ஒருவருக்குத்தான் அந்த இடத்தில் கையை நிறுத்தத் தோன்றும்.

அதே பாவுக்குள் பறவையின் இறகும் கடற்சிப்பியும் ரப்பர் பேண்டும் ஷூ லேஸும் குடியேறும். கார்மல் சபைக் கன்னியர் இழையோட்டித் தைத்த காலுறைகளைக்கூட எடுத்தாண்டிருக்கிறார். அவை ஒட்டவைத்த அலங்காரமாகத் தெரிவதில்லை, நூலோடு நூலாகி நிற்கின்றன. 2006இல் நியூயார்க்கின் பார்ட் மையத்தில் மினிம்களுக்கு நடந்த கண்காட்சியை ஒட்டி, இர்மா பூம் ஒரு தடித்த வெள்ளைப் புத்தகத்தை வடிவமைத்தார். ஹிக்ஸின் துணிக்கரைகளைப் போலத் தாள்களின் ஓரமெல்லாம் சொரசொரப்பாகப் பிசிறியிருக்கும். படம் பார்க்கும் முன்பே விரல் நெசவைத் தொட்டுவிடும்.

மெக்சிகோவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1964இல் பாரிஸில் குடியேறினார். பட்டறை அங்கே அமைந்தாலும் கால் அங்கே தங்கவில்லை. 1966இல் அவர் வந்தது கோழிக்கோட்டுக்கு. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு தொடங்கிய நெசவாலைகள் முதல் உலகப் போருக்குப் பின் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தன. அதன் கைத்தறிகளுக்குப் புதுத் துணிகள் உருவாக்க அழைக்கப்பட்டிருந்தார். வெளியிலிருந்து வரும் கலைஞர் படம் வரைந்து கொடுப்பதும் உள்ளூர்க் கைகள் அதை அப்படியே நெய்து தருவதும் இத்தகைய அழைப்புகளில் வழக்கம். வடகரை என்ற ஊரின் பெயரைத் தாங்கிய ஹிக்ஸின் துணியைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அதில் பூவோ உருவமோ இல்லை. தடித்த பருத்தி, இரண்டு பக்கமும் முகம், சிற்பம்போல் புடைத்தெழும் வரிகள். அழகு முழுக்க நெசவின் கட்டிலிருந்தே வருகிறது. மெல்லிய வேட்டிக்கும் முண்டுக்கும் பேர்போன மலபாரில், சுவரில் தொங்கவிட்டால் சுவருக்கே கனம் சேர்க்கும் ஒரு துணி! மடியில் வைத்து நெய்யும் சட்டத்தில் இழைகளின் குணத்தை அத்தனை முறை பார்த்திராவிட்டால், பெரிய தறியிடம் இப்படி ஒன்றைக் கேட்டு வாங்க அவரால் முடிந்திராது என்பது என் எண்ணம்.

இன்னொரு துணிக்குப் பாலக்காட்டின் பெயர். ஊர்களுக்குக் கிடைத்த இந்த மரியாதை மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அருங்காட்சியகக் குறிப்பில் வடிவமைத்தவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும்தான் இருக்கின்றன. மிதிகட்டையில் காலும் நாடாக்கயிற்றில் கையுமாக இருந்து அந்தக் கனத்தை நெய்து தந்தவர்களின் பெயர்களும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.